மூன்று மணி ரொட்டி: வியட்நாமில் ஏழு நாள்

முதல் நாள், சைகோன்

வியட்நாமிய மொழியில் எனக்கு முதலில் மனப்பாடம் ஆனது ஒரு ரொட்டிக்காரர் கூவும் வாசகம். "பான் மி சாய்கோன், டாக் ருவோட், தோம் போ." சைகோன் ரொட்டி, உள்ளே கெட்டியானது, வெண்ணெய் மணப்பது. சைக்கிளின் பின்னால் பெரிய கூடை, அதன்மேல் துணி, கைப்பிடியில் தொங்கும் சின்ன ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல். எங்கள் சந்துக்குள் தினமும் இருட்டிய பிறகு வரும். எட்டு மாதமாக அந்தக் குரலை வைத்துத்தான் எனக்கு இரவுச் சாப்பாட்டு நேரமே தெரியும்.

ஆயத்த ஆடைத் தொழிலில் தரப் பரிசோதனை வேலைக்காக இங்கே வந்தேன். அரிசி, காய்கறி, பழம் எதற்கும் இந்த ஊரில் குறை இல்லை. நான் ஏங்கியது மூன்றுக்கு: காலையில் நல்ல ரொட்டி, கூடவே காபி, வேலை முடிந்து களைத்து வரும் நாளில் யோசிக்காமல் வாங்கிச் சாப்பிட ஏதாவது. புதிதாக இங்கே வேலைக்கு வரும் நம் ஆட்களும் முதல் வாரமே கேட்பது இதைத்தான். இப்போது ஒரு வாரம் விடுப்பு. சைகோனில் தொடங்கி ஹனோய் வரை போகிறேன். அன்றன்று கண்டதை அன்றிரவே எழுதிவிடுகிறேன்.

நான் புதுச்சேரிப் பெண். நீள ரொட்டி எனக்குப் புதிதல்ல. சைகோனும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்தானே, ரொட்டிக்கு என்ன பஞ்சம் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். அந்த ஆட்சிக் காலத்தில் எங்கள் ஊர்த் தமிழர்கள் பலர் அரசு வேலைக்கும் வியாபாரத்துக்கும் சைகோன் வந்திருக்கிறார்கள். நகரின் நடுவே துருவோங் டின் தெருவில் நிற்கும் மாரியம்மன் கோயில் அந்தக் காலத்துத் தமிழர்கள் கட்டியது. இன்று அங்கே ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். பார்க்கும்போதெல்லாம் மனசு நிறையும்.

ஆனால் இத்தனை மாதமும் ரொட்டி என்னை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டில் விற்கும் துண்டு ரொட்டி கேக் மாதிரி இனிக்கும். வெளிநாட்டவர் அதிகம் வாழும் தாவ் டியன் பகுதி பேக்கரிகளில் புளிக்கவைத்த கனமான ரொட்டி உண்டு. அருமையான ரொட்டிதான், ஆனால் ஒன்று ஒரு லட்சம் டாங்குக்கு மேல். 300 டாங் கிட்டத்தட்ட ஒரு ரூபாய், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தெருவில் 5,000, 6,000 டாங்குக்கு வாங்கும் வெறும் ரொட்டியோ, நான் வீடு திரும்பும் ஏழு மணிக்குத் தோல் மாதிரி இழுக்கும்.

இன்று காலை ஆறரை மணிக்கே கிளம்பி, காவ் தாங் தெருவில் இருக்கும் ஹோவா மா கடைக்குப் போனேன். மாவட்ட முறையை 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் எல்லோரும் இன்னும் "மூன்றாம் மாவட்டம்" என்றே வழி சொல்கிறார்கள். 1954-ல் நாடு பிரிந்தபோது வடக்கிலிருந்து இங்கே வந்த ஒரு தம்பதி 1958-ல் தொடங்கிய கடை இது. அதுவரை தட்டில் ரொட்டி தனி, இறைச்சி தனி, கத்தி, முள்கரண்டி என்று பிரெஞ்சு முறையில் சாப்பிட்டதை, எல்லாவற்றையும் ரொட்டிக்குள் வைத்துக் கையில் கொடுக்கும்படி மாற்றியவர்கள் இவர்கள் என்பார்கள். காலையில் மட்டும்தான் வியாபாரம். சந்துச் சுவரோரம் குட்டி நாற்காலிகள். நான் பன்றியும் மாடும் சாப்பிடுவதில்லை, ஆகவே "ஓப் லா" மட்டும் கேட்டேன். சின்ன அலுமினியச் சட்டியில் வெங்காயத்தோடு இரண்டு முட்டை, எண்ணெய் சடசடக்க அப்படியே மேசைக்கு வந்தது.

ரொட்டியைக் கையில் எடுத்தேன். எடையே இல்லை. கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் காய்ந்த சருகை மிதித்த மாதிரி சத்தம். மேல் ஓடு அவ்வளவு மெலிசு, உடைந்த செதில்கள் மடியெல்லாம் விழுந்தன. உள்ளே பஞ்சு, பாதிக்குப் பாதி காற்று. மஞ்சள் கருவில் தோய்த்து வாயில் வைத்தபோது, இத்தனை மாதம் நான் தின்றது இந்த ரொட்டியின் மிச்சத்தைத்தான் என்று புரிந்தது.

மதியம் எங்கள் சந்து முனையில் ரொட்டி வண்டி வைத்திருக்கும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். இங்கே யாரையும் உறவுமுறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவரை நான் "கோ" என்பேன், அதாவது அத்தை. அவர் என்னை "சாவ்" என்பார், மருமகள் முறை.

"அத்தை, உங்கள் ரொட்டி ஏன் இரவில் இப்படி ஆகிவிடுகிறது?"

"நீ ஏழு மணிக்கு வந்தால் வேறு எப்படி இருக்கும்? அடுப்புக்காரன் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை போடுவான், மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தடவை. அப்போது வாடா, அப்புறம் சொல்."

கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை, முழுக்க இறக்குமதிதான். மாவை நன்றாக உப்பவைத்து, நீராவி பாயும் அடுப்பில் சுட்டெடுப்பதால் ஓடு மெலிந்து மொறுமொறுப்பாகிறது. அதே மெலிவுதான் அதற்கு எமன். சைகோன் காற்றின் ஈரத்தை மூன்று நான்கு மணி நேரத்தில் உறிஞ்சித் துவண்டுவிடும். அதனால்தான் வண்டிக்காரர்கள் கரியடுப்பில் சூடுபண்ணித் தருகிறார்கள். எந்தக் கடை என்று எட்டு மாதம் எல்லோரிடமும் விசாரித்தேன். எத்தனை மணிக்கு என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள், சைகோன்

இன்று துரித உணவு. கேஎஃப்சி இந்த நகரத்துக்கு 1997-லேயே வந்துவிட்டது. ஸ்டார்பக்ஸ் 2013-ல், மெக்டொனால்ட்ஸ் 2014-ல். கேஎஃப்சியில் பொரித்த கோழியோடு சோறு கிடைக்கும், மிளகாய் சாஸ் வேண்டிய மட்டும் ஊற்றிக்கொள்ளலாம். காரத்துக்குப் பழகிய நாக்குக்கு அந்தச் சோற்றுத் தட்டு போதும். மெக்டொனால்ட்ஸில் நம் நாட்டுக் கிளைகளில் கிடைக்கும் உருளைக்கிழங்கு பர்கரை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே மாடும் பன்றியும் சாதாரணம். வந்த புதிதில் ஒரு கடையில் கோழி பர்கர் என்று சொல்லி வாங்கி, பாதி தின்ற பிறகு உள்ளே பன்றித் துண்டைப் பார்த்து அழுதுவிட்டேன். அன்றிலிருந்து இரண்டு வார்த்தை வாயிலேயே இருக்கும்: "கோங் ஹேவ்", பன்றி வேண்டாம், "கோங் போ", மாடு வேண்டாம்.

ரொட்டி வண்டியில் இன்னும் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். "கோங் பாதே." பாதே என்பது பன்றி ஈரல் விழுது. கேட்காமலே முதல் வேலையாக அதைத்தான் தடவுவார்கள். அதைத் தவிர்த்துவிட்டு முட்டை, வெள்ளரிக்காய், கொத்தமல்லி, புளித்த கேரட்டும் முள்ளங்கியும், கடைசியில் நறுக்கிய பச்சை மிளகாய். ரொட்டியைக் கீறுவதிலிருந்து காகிதத்தில் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவது வரை இன்று கடிகாரம் பார்த்தேன். முட்டை பொரியும் நேரத்தையும் சேர்த்து மூன்றே நிமிடம், 20,000 டாங். களைத்து வரும் நாளில் யோசிக்காமல் வாங்க ஏதாவது என்று ஏங்கினேனே, அது எங்கள் சந்து முனையிலேயே நின்றுகொண்டிருந்தது.

ஒரு சின்ன விளக்கம். இலங்கைத் தமிழர்கள் ரொட்டியைப் பாண் என்பார்கள். பான் மி என்று கேட்டதும் இரண்டும் ஒரே சொல் என்று நானும் நம்பியிருந்தேன். இல்லை. பாண் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. இங்கே பான் என்பது மாவுப் பண்டம் எல்லாவற்றுக்குமான பழைய பெயர், மி என்றால் கோதுமை. பிரெஞ்சிலிருந்து வந்தவை வேறு: வெண்ணெய்க்கு போ (மாட்டைக் குறிக்கும் போ உச்சரிப்பில் வேறு), பாலாடைக்கட்டிக்கு ஃபோ மாத், காபிக்கு கா ஃபே.

சாயங்காலம் ஃபூ நுவான் பகுதியில் ஃபான் டின் ஃபுங் தெருவின் ஒரு சந்துக்குள் போனேன். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் பழைய காபிக் கடை. துணிப் பையில் தூளைப் போட்டு, கொதிநீரை ஊற்றி, கரியடுப்பில் வைத்த பானையில் இறக்குகிறார்கள். நம் டீக்கடை வடிகட்டித் துணியேதான். பால் அதிகம், காபி கொஞ்சம் என்றால் "பாக் சீவ்" என்று கேட்க வேண்டும். சைகோன் சீனர்களிடமிருந்து வந்த பழக்கம் இது. நம் ஊர்ப் பால் காபிக்குப் பழகியவர்கள் முதலில் இதிலிருந்து தொடங்கலாம். படுக்கைப் பேருந்து ஒன்பதரைக்கு, கிளம்புகிறேன்.

மூன்றாம் நாள், புவோன் மா துவோட்

விடியும்போது ஜன்னலுக்கு வெளியே மண் செக்கச்செவேல் என்றிருந்தது. மத்திய மேட்டு நிலம், எரிமலைப் பாறை கரைந்த மண். 1857-ல் பிரெஞ்சுப் பாதிரியார்கள் கொண்டுவந்த காபிச் செடி, பின்னால் இந்த மண்ணில்தான் பெரிதாகப் பரவியது. 1986-ல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு சாகுபடி தாறுமாறாகப் பெருகியது. இன்று பிரேசிலுக்கு அடுத்து உலகில் அதிகம் காபி விளைவிப்பது வியட்நாம்தான். ரொபஸ்டா வகையில் இதுவே முதல்.

அலுவலகத் தோழியின் சித்தப்பா வீட்டுத் தோட்டத்துக்குப் போனேன். அவரையும் உறவுமுறை சொல்லியே கூப்பிட்டேன், "சூ". சித்தப்பாதான். எனக்கு அதிர்ஷ்டம், பூத்திருந்தது. மழையில்லாத இந்த மாதங்களில் நீர் பாய்ச்சிச் சில நாளில் மொத்தத் தோட்டமும் ஒரே நேரத்தில் பூக்குமாம். கிளை நீளத்துக்கும் இலைக்கு இலை கொத்துக் கொத்தாய் வெள்ளை. வாசனை அச்சு அசலாக மல்லிகை. காபித் தோட்டத்துக்குள் மல்லிகை மணக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தேனீ சத்தம் காதை அடைத்தது. மூன்று நான்கு நாளில் பூ வாடி உதிர்ந்துவிடுமாம். பழம் பறிப்பது ஆண்டுக் கடைசியில்.

சித்தப்பா ஃபின் எடுத்து வைத்தார். நம் பில்டரின் தம்பி என்று சொல்லலாம்: துளை போட்ட மேல் பாத்திரம், தூளை அமுக்க ஒரு தட்டு, மூடி. நம் பில்டருக்குக் கீழ்ப்பாத்திரம் உண்டு, இதற்கு டம்ளரே கீழ்ப்பாத்திரம். நான் இதுவரை செய்த தவறை அவர் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். நான் வீட்டில் தட்டை இறுக அமுக்கி, விளிம்பு வரை வெந்நீர் ஊற்றிவிடுவேன். ஒன்று சொட்டவே சொட்டாது, இல்லை தண்ணீராய் ஓடும்.

"அவசரப்படாதேம்மா. முதலில் தூள் நனையிற அளவுக்கு மட்டும் ஊற்று. அரை நிமிஷம் விடு. அது உப்பிக்கிட்டு எழும்பும் பார். அப்புறம் மீதி."

தட்டைச் சும்மா மேலே உட்காரவைத்தார், அமுக்கவில்லை. இருபது கிராம் தூளுக்கு மேலே இருக்கும். நனைத்ததும் தூள் மூச்சு விடுகிற மாதிரி எழும்பியது. பிறகு ஊற்றிய நீர் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய ஐந்து நிமிடம். டம்ளர் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு இனிப்பான கெட்டிப் பால், அதன்மேல் கன்னங்கரேலென்று டிகாக்ஷன், இரண்டும் கலக்காமல் கோடு போட்ட மாதிரி நின்றது. வெப்ப நாட்டில் பசும்பால் கிடைக்காத காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் டப்பாப் பாலை ஊற்றிக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. ரொபஸ்டாவின் கசப்புக்கு இந்தப் பால்தான் சரியான ஜோடி. ஒன்று எச்சரிக்க வேண்டும்: அராபிகா வகைக் காபியைவிட இதில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் ஊர்ப் பழக்கத்தில் காலையில் இரண்டு, சாயங்காலம் ஒன்று என்று குடித்தால் கை நடுங்கும். எனக்கு முதல் மாதம் தூக்கமே போனது.

தூள் வாங்குவதைப் பற்றியும் கேட்டேன். மலிவுத் தூளில் வறுத்த சோளமும் சோயாவும் கலப்பார்கள், வறுக்கும்போது வெண்ணெய், சர்க்கரை சேர்ப்பார்கள். நம் சிக்கரி போல சிலருக்கு அந்த ருசியே பிடித்தும் போகிறது. கலப்பில்லாதது வேண்டுமென்றால் பொட்டலத்தில் "ந்குயென் சாத்" என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையில் வாங்கினால் இன்னும் நல்லது. அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன். பையைத் திறக்கும்போதெல்லாம் சாக்லேட் வாசனை.

நான்காம் நாள், வழியில்

தா நாங் போகும் பேருந்தில் பகல் முழுக்கப் போய்விட்டது. மதியம் நிறுத்திய இடத்தில் ரொட்டி கேட்டேன், காலையில் சுட்டது, துவண்டிருந்தது. கரியில் வாட்டித் தரச் சொன்னேன், தந்தார்கள். எழுத வேறொன்றும் இல்லை.

ஐந்தாம் நாள், ஹுவே

தா நாங்கிலிருந்து ஹுவேக்கு ரயிலில் வருவதை யாரும் தவறவிடாதீர்கள். சுமார் 100 கிலோமீட்டர்தான், ஆனால் ஹாய் வான் கணவாயில் ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கீழே கடல் என்று ரயில் ஊர்ந்து வருகிறது. கடல் பக்கம் உட்கார வடக்கே போகும்போது வலது ஜன்னல் கேளுங்கள்.

ஹுவேயில் தேடி வந்தது உப்புக் காபி. ந்குயென் லுவோங் பாங் தெருவில் ஒரு தம்பதி 2010-ல் தொடங்கிய சின்னக் கடையிலிருந்து நாடு முழுக்கப் பரவியது. உப்புச் சேர்த்து நுரைத்த பால், அதன்மேல் ஃபின் சொட்டுகிறது. குடிப்பதற்கு முன் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வாயில் வைத்ததும் உப்பு தனியாகத் தெரியவே இல்லை, கசப்புதான் காணாமல் போயிருந்தது. கசப்பை நாக்கு உணர்வதை உப்பு அடக்கிவிடும் என்று படித்திருக்கிறேன். கிச்சிலிக்காய் ஊறுகாயில் நாம் செய்வதும் அதுதானே. பனிக்கட்டி போட்டு இரண்டாவது டம்ளரும் குடித்தேன். கை நடுங்கும் என்று நானே எழுதியது நினைவிருந்தும் நிறுத்த முடியவில்லை. இரவு ரயிலில் ஹனோய், 688 கிலோமீட்டர். தூக்கம் வரப்போவதில்லை, எழுதிக்கொண்டே போகிறேன்.

ஆறாம் நாள், ஹனோய்

இங்கே பேச்சே வேறு. சைகோனில் பால் காபிக்கு "கா ஃபே சுவா" என்றால், இங்கே "நாவ்" என்கிறார்கள், பழுப்பு என்று அர்த்தம். பனிக்கட்டி வேண்டுமென்றால் "நாவ் டா".

ந்குயென் ஹுவு ஹுவான் தெருவில் 39-ஆம் எண். ஆள் ஒருவர் நுழையும் அகலத்தில் ஒரு நடை, அதைத் தாண்டினால் கஃபே ஜாங். 1946-ல் பால் பஞ்சமாக இருந்த நேரத்தில், மெட்ரோபோல் ஓட்டலில் வேலை பார்த்த ந்குயென் வான் ஜாங், பாலுக்குப் பதில் முட்டை மஞ்சள் கருவை அடித்து நுரைத்துக் காபிமேல் போட்டுப் பார்த்திருக்கிறார். அதுதான் முட்டைக் காபி. சூடு ஆறாமலிருக்க சின்னக் கோப்பையை வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்துத் தந்தார்கள். முட்டை வாடை வருமோ என்று மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். துளியும் இல்லை. கரண்டியால் எடுத்தால் பால்கோவாவை நுரையாக்கிய மாதிரி, அடியில் போகப் போகக் கசப்பு. இதைக் காபி என்று தினமும் குடிக்க என்னால் முடியாது. மழை நாளில் ஒரு கோப்பைக்காக ரயில் ஏறி வரலாம்.

இன்று பௌர்ணமி. இதைச் சைவர்களுக்காகவே எழுதுகிறேன். வியட்நாமியர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், புலால் தொடுவதில்லை. "சாய்" என்ற ஒரு சொல்லை நினைவில் வையுங்கள், சைவம் என்று பொருள். அந்தப் பலகை போட்ட கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. இந்த நாட்களில் சாதாரண வண்டிக்காரர்கள்கூடச் சைவ ரொட்டி போடுகிறார்கள். பொரித்த டோஃபு, காளான், சோயாச் சாறு, மிளகாய். இன்று மதியம் சாப்பிட்டேன், வாங்கிய இடத்திலேயே இன்னொன்றும் கேட்டேன். விரத நாள் என்று அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டே சொல்லும் குரல் காதில் கேட்டது.

ஏழாம் நாள், சைகோன்

விமானம் ஒன்றரைக்கு இறங்கியது. வீட்டில் பையைப் போட்டுவிட்டு இரண்டே முக்காலுக்கு அடுப்புக்காரர் இருக்கும் சந்தைக் கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெருதான். இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது, வெளியே மூன்று ரொட்டி வண்டிகள், இரண்டு சைக்கிள்கள். சைக்கிளில் ஒன்றை எனக்குத் தெரியும். ஒலிபெருக்கி அணைந்திருந்தது.

மூன்று அடித்து ஐந்து நிமிடம். தட்டுகள் வெளியே வந்தன. சூடான ரொட்டி வெளிக்காற்று பட்டதும் மெல்ல வெடிக்கும் சத்தம் கேட்டது, தட்டு முழுக்க, மழை தொடங்குகிற மாதிரி. எங்கள் அத்தை வரிசையில் முன்னால் நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் கூடையிலிருந்து இரண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தந்தார். காசை வாங்கிக்கொண்டார்.

ஒன்றை நடக்கும்போதே பிய்த்துத் தின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து சித்தப்பா சொன்னபடி ஃபின் போட்டேன். நனைத்து, அரை நிமிடம் விட்டு, மீதியை ஊற்றினேன். சொட்டு சரியாக விழுந்தது. காத்திருந்த நேரத்தில் இங்கே குழந்தைகள் செய்வது போலக் கிண்ணத்தில் கொஞ்சம் கெட்டிப் பால் ஊற்றி, இரண்டாவது ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிட்டேன். நாளை வேலைக்குப் போக வேண்டும், மூன்று மணிக்கு வர முடியாது. காலை ஐந்துக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.